மரத்துக்குத் திருவிழா எடுத்த மந்திரி



ஜூலை முதல் வாரம் வந்தால் போதும், நம்ம பக்கம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரே காட்சிதான். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வரிசையாகக் குழி. குழிக்குப் பக்கத்தில் கறுப்புப் பாலிதீன் பையில் ஒரு கன்று. மேலே வன மகோத்சவம் என்று ஒரு பேனர். சிறப்பு விருந்தினர் ஒரு கை மண்ணை அள்ளிப் போடுவார், கைதட்டல் கேட்கும், போட்டோ எடுப்பார்கள், வடை-காப்பி வரும். அப்புறம் அவரவர் கிளாசுக்கு! இந்த விழாவை ஆரம்பித்து வைத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேர் முழிப்போம். ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட் என்பான் ஒருத்தன். காந்தி என்பான் இன்னொருத்தன். நேரு மாமா என்று சொல்லி மார்க் வாங்கப் பார்ப்பவனும் உண்டு.

ஆரம்பித்தவர் வனத்துறைக்காரர் இல்லை. தாவரவியல் படித்தவரும் இல்லை. அவர் ஒரு வக்கீல். அதைவிட முக்கியமாக, ஒரு நாவலாசிரியர். பெயர் கனையாலால் மனேக்லால் முன்ஷி. சுருக்கமாக கே.எம்.முன்ஷி.

இந்தப் பெயரைத் தமிழ்நாட்டு மாணவர்கள் எங்கேயோ கேட்டிருப்போம், அதுவும் கொஞ்சம் கசப்போடு. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மனுஷனை முழுசாகத் தெரிந்துகொள்வோம்.

முன்ஷி பிறந்தது 1887 டிசம்பர் 30. ஊர், குஜராத்தில் நர்மதை ஆற்றங்கரையில் இருக்கும் பரூச். நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கு! ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் இந்தியக் கரையின் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அதில் பாரிகாசா என்று வருவதுதான் இந்தப் பரூச். அதே புத்தகத்தில் இன்னும் தெற்கே இறங்கி வந்தால் பாண்டிய நாட்டின் முத்துக்குளிக்கும் இடம் ஒன்று வருகிறது. அது நம்ம கொற்கை! குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுக்க வைத்தார்கள் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. இன்றைக்குக் கொற்கைக்கு பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள், கடலைக் காணோம். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. பரூச்சும் காலப்போக்கில் சூரத்துக்கும் பம்பாய்க்கும் வழிவிட்டு ஒதுங்கியது. மேட்டில் இருக்கிற மண் பள்ளத்துக்கு வந்தால் ஒரு துறைமுகமே காணாமல் போகும் என்பதற்கு சிவில் மாணவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

முன்ஷி 1902-ல் பரோடா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் யார் தெரியுமா? அரவிந்தர்! பிற்காலத்தில் புதுச்சேரியில் வந்து தங்கிய அதே அரவிந்த கோஷ்தான். அப்போது அவர் பரோடாவில் ஆங்கிலப் பேராசிரியர். நம்ம வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய 1906-ல்தான் அரவிந்தர் பரோடாவை விட்டு வங்காளம் போனார். அடுத்த வருஷம் சூரத் காங்கிரசில் தீவிரவாதக் கோஷ்டியின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அரவிந்தர், அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களில் வ.உ.சி.யும் உண்டு. வகுப்பறையில் இப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தால் பையன் பாடப்புத்தகத்தோடு நிற்பானா?

ஆனால் முன்ஷி உடனே அரசியலில் குதித்துவிடவில்லை. சட்டம் படித்தார், 1913-ல் பம்பாய் ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்தார். பகலில் கேஸ் கட்டு, ராத்திரியில் நாவல். கனஷ்யாம் என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கி, குஜராத் சரித்திரத்தை வைத்து அவர் எழுதிய நாவல்களை அந்த மாநிலத்தில் இன்றும் வாசிக்கிறார்கள். நமக்குக் கல்கி எப்படியோ அவர்களுக்கு முன்ஷி அப்படி என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் அவர் மந்திரியாகி மரம் நடச் சொன்னபோது ஒரு அதிகாரி யோசிப்பது போல யோசிக்கவில்லை. கதை எழுதுகிறவர் யோசிப்பது போல யோசித்தார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

1927-ல் பம்பாய் சட்டசபைக்குப் போனார். மறுவருஷம் பர்தோலியில் வரி உயர்வை எதிர்த்து விவசாயிகள் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். வல்லபாய் பட்டேலுக்கு 'சர்தார்' பட்டம் வந்தது அந்தப் போராட்டத்தில்தான். முன்ஷி சட்டசபைப் பதவியை ராஜிநாமா செய்துவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்தார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகம். காந்திஜியின் தண்டி யாத்திரை முன்ஷியின் சொந்த ஊரான பரூச் வழியாகத்தான் போனது. இங்கே ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். முன்ஷிக்கு ஆறு மாதம் சிறை. 1932-ல் மறுபடியும் சிறை. உப்புக்காக ஜெயிலுக்குப் போனவர் கதையை உப்பளத்துக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறோம் என்பதை ஞாபகம் வையுங்கள், இந்த உப்பு மறுபடியும் கட்டுரையில் வரும்.

1937-ல் பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தபோது அவர் உள்துறை மந்திரி. 1938-ல் பாரதிய வித்யா பவனைத் தொடங்கினார். பட்டேலோடு சேர்ந்து ஆனந்தில் ஒரு விவசாயக் கல்வி நிலையத்துக்கு அடிபோட்டதும் அதே வருஷம்தான். இன்றைய ஆனந்த் விவசாயப் பல்கலைக்கழகம் தன் வேரை அங்கேதான் காட்டுகிறது. வித்யா பவன் பின்னாளில் புத்தகப் பல்கலைக்கழகம் என்று ஒரு வரிசை கொண்டுவந்தது. கட்டடம் இல்லை, ஹாஸ்டல் இல்லை, அட்டெண்டன்ஸ் இல்லை, மலிவு விலைப் புத்தகமே பல்கலைக்கழகம்! அந்த வரிசையில் முதலில் வந்தது ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய மகாபாரதம், 1951-ல்.

இனி அந்தக் கசப்பு. அரசியல் நிர்ணய சபையில் முன்ஷி முக்கியமான ஆள், வரைவுக் குழுவிலும் இருந்தார். ஆட்சிமொழி எது என்று சபையில் பெரிய சண்டை. அவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான என்.கோபாலசாமி ஐயங்காரும் சேர்ந்து ஒரு சமரசத் திட்டம் தயாரித்தார்கள். அதுதான் முன்ஷி-ஐயங்கார் ஃபார்முலா. இந்தி ஆட்சிமொழி, ஆனால் பதினைந்து வருஷம் இங்கிலீஷும் தொடரும் என்பது சாரம். 1949 செப்டம்பரில் அது ஏற்கப்பட்டது. பதினைந்து வருஷம் முடிந்த 1965-ல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் என்ன நடந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. நம்ம அப்பா, தாத்தா காலத்து மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். டெல்லியில் உட்கார்ந்து போட்ட ஒரு தேதி தெற்கே எப்படி இறங்கும் என்று யாரும் சரியாகக் கணக்குப் போடவில்லை. அந்த விஷயத்தில் முன்ஷியோடு நமக்கு வழக்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் வழக்கு இருப்பதால் இன்னொரு விஷயத்தில் அவர் செய்ததை மறந்துவிடவும் முடியாது.

1950 மே மாதம் முன்ஷி மத்திய உணவு-விவசாய மந்திரி ஆனார். மோசமான நேரம் என்றால் அப்படி ஒரு நேரம். பிரிவினையில் நல்ல கோதுமை விளையும் நிலமும் பாசன வாய்க்காலும் அந்தப் பக்கம் போய்விட்டது. ஊரெல்லாம் ரேஷன். மழை பொய்த்து பீகாரில் பஞ்சம் வரப்பார்த்தது. 1951-ல் அமெரிக்காவிடம் கோதுமைக் கடன் வாங்க வேண்டி வந்தது. அவருடைய மனைவி லீலாவதி முன்ஷி, அவரும் நல்ல எழுத்தாளர், அரிசியும் கோதுமையும் இல்லாத சாப்பாடு போடும் அன்னபூர்ணா உணவு விடுதிகளை நடத்துவதில் முன்னின்றார்.

இப்படி வயிறு காய்கிற காலத்தில் எந்த மந்திரியும் என்ன செய்வார்? காட்டை வெட்டு, உழு, விதை என்பார். அதிக உணவு விளைவிப்போம் என்ற இயக்கத்தில் பல இடத்தில் அதுதான் நடந்தது. தரிசு என்ற பெயரில் மரம் போனது. யுத்த காலத்தில் ரயிலுக்கும் ராணுவத்துக்கும் வெட்டியது போக மிச்சம் இருந்ததும் போனது. அந்த இடத்தில்தான் முன்ஷி திரும்பி நின்றார். சோற்றுக்கு விளைச்சல் வேண்டும், விளைச்சலுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் நிற்க மரம் வேண்டும், ஆகவே மரம் வெட்டி அரிசி விளைவிக்க முடியாது என்பது அவர் போட்ட கணக்கு. சோறு போடும் இலாகாவின் மந்திரி வாயிலிருந்து இது வந்தது என்பதுதான் விசேஷம்.

1950 ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம் பிறந்தது. முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1947 ஜூலையில் டெல்லியில் டெபுடி கமிஷனராக இருந்த எம்.எஸ்.ரந்தாவா ஒரு மரம் நடு வாரம் நடத்தியிருந்தார். அதற்கும் முன்னால், 1872 ஏப்ரல் 10-ந் தேதி அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற மரமில்லாத சமவெளி மாநிலத்தில் ஸ்டெர்லிங் மார்ட்டன் என்ற பத்திரிகைக்காரர் ஆர்பர் டே என்று ஒரு மரநாளை ஆரம்பித்தார். கொஞ்ச காலத்தில் பள்ளிக்கூடங்கள் அதைத் தங்கள் விழாவாக எடுத்துக்கொண்டன, அப்படித்தான் அது பிழைத்தது.

முன்ஷி செய்த புதுமை, அதற்கு வைத்த பெயர். திட்டம் என்று வைக்கவில்லை, இயக்கம் என்றும் வைக்கவில்லை. மகோத்சவம், பெரிய திருவிழா! ஸ்கீம் என்றால் பட்ஜெட் தீர்ந்ததும் நின்றுவிடும். திருவிழா நிற்காது. மந்திரி மாறினாலும் திருச்செந்தூரில் மாசித் தேர் ஓடாமல் இருக்குமா? நாவல் எழுதி ஜனங்களின் நாடியைப் பிடித்தவருக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் எழுபத்தைந்து வருஷம் தாண்டியும், ஆரம்பித்தவர் பெயர் மறந்துபோய்க்கூட, நாம் ஜூலையில் குழி தோண்டிக்கொண்டு இருக்கிறோம்.

அவர் மந்திரியாக இருந்தது சரியாக ரெண்டே வருஷம். அந்தக் காலத்தில் நிலத்தைப் பற்றி அவர் பேசியதும் எழுதியதும் 1952-ல் 'தி காஸ்பல் ஆஃப் தி டர்ட்டி ஹேண்ட்' என்ற புத்தகமாக வந்தது. தலைப்பைக் கவனியுங்கள்: மண் அப்பிய கைதான் வேதம் என்கிற மாதிரி. லேத்தில் கிரீசும் கையுமாக நிற்கிற நமக்கு இந்த மனுஷன் தூரத்துச் சொந்தம் என்றே தோன்றுகிறது. 1952 மே 12-ல் சுதந்திர இந்தியாவின் முதல் தேசிய வனக் கொள்கை வெளிவந்தது. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. முன்ஷி அந்த மே மாதத்தோடு இலாகாவை விட்டுப் போனார். 2022 செப்டம்பர் 24-ல் தமிழ்நாடு அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியபோது இலக்காகச் சொன்னதும் அதே 33 சதவீதம்தான். அப்போது மாநிலத்தில் காடும் மரமும் சேர்ந்து சுமார் 24 சதவீதம். எழுபது வருஷத்துக்கு அப்புறமும் அதே நம்பரைத் துரத்துகிறோம்!

கேலி செய்தவர்கள் முன்ஷி காலத்திலேயே இருந்தார்கள். நட்டதெல்லாம் எங்கே என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். வேலி இல்லாத கன்றை ஆடு தின்றது, தண்ணீர் விட ஆள் இல்லை, அடுத்த ஜூலையில் அதே குழியில் அடுத்த கன்று. இந்த ஜோக்கை எந்த மாநிலத்துக் கல்லூரிக்குப் போனாலும் கேட்கலாம்.

இந்த இடத்தில் நம்ம கடற்கரைக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லலாம், முத்துக்குளித்துறை என்ற பேர் நமக்குச் சும்மா வரவில்லை. முத்துச் சலாபம் எப்படி நடந்தது? நினைத்த வருஷம் நினைத்த நாளில் தோணியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிப்பி அள்ளவில்லை. கடலடியில் சிப்பி வளரும் பார்களில் முதலில் ஆளை இறக்கிப் பார்ப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து வயசு என்ன, எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுவார்கள். வயசுக்கு வந்த சிப்பி போதுமான அளவு இருந்தால்தான் சலாபம் என்று அறிவிப்பு வரும். இளஞ்சிப்பி ஏராளமாக விழுந்திருக்கிறது என்று குறித்து வைத்துவிட்டு மறுதடவை போய்ப் பார்த்தால் பார் வெறுமையாகக் கிடந்த கதை பல தடவை நடந்திருக்கிறது. அதனால் விழுந்தது எவ்வளவு என்பதை வைத்து யாரும் ஏலம் போடவில்லை, பிழைத்தது எவ்வளவு என்பதுதான் கணக்கு. 1928-ல் நடந்த சலாபத்துக்கு அப்புறம் 1955 வரை தூத்துக்குடியில் சலாபமே இல்லை. முன்ஷி டெல்லியில் முதல் வன மகோத்சவம் கொண்டாடிய 1950-ல் நம்ம பார்களில் தோணி இல்லை. 1955-ல் தொடங்கி 1961-ல் முடிந்ததுதான் கடைசி. கன்று நடுகிற நாமும் சிப்பி எண்ணினவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தான், கணக்கு மட்டும் ஏன் மாறிப் போச்சு?

அடுத்த விஷயம் தேதி. இதில்தான் எனக்கு முன்ஷியோடு ரெண்டாவது வழக்கு.

ஜூலை முதல் வாரம் என்பது பம்பாய்க்குச் சரி, பரூச்சுக்குச் சரி, டெல்லிக்கும் சரி. தென்மேற்குப் பருவமழை அப்போதுதான் அங்கே மண்ணை நனைக்கும். கன்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் வானம் பார்த்துக்கொள்ளும். நமக்கு? மேற்குத் தொடர்ச்சி மலை மழையை மறித்துக்கொள்கிறது. ஜூலையில் குற்றாலத்தில் சாரல், சீசன், துண்டும் சோப்பும். அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் கிழக்கே வந்தால் அதே காற்று வறண்ட காற்றாக, புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. நம்ம மாவட்டத்தில் வருஷத்துக்குப் பெய்வது சுமார் 650 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் ரெண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிற வடகிழக்குப் பருவத்தில்தான். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் சம்சாரிகளைக் கேட்டுப் பாருங்கள், மானாவாரிக்கு அவர்கள் கலப்பையைத் தொடுவது புரட்டாசியில்தான். ஆடி மாதம் கன்று வைக்கச் சொன்னால் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

உப்பளத்தை வைத்தே சொல்கிறேன். வெயிலும் காற்றும் சேர்ந்து தண்ணீரை உறிஞ்சுகிற மாதம் உப்புக்கு நல்ல மாதம். பாத்தியில் உப்பு பூக்க வேண்டும் என்றால் மழை வரக் கூடாது. ஜூலை அப்படிப்பட்ட மாதம். அக்டோபரில் மழை இறங்கியதும் உப்பு வாருவது நின்றுவிடும். உப்பு நன்றாக விளைகிற மாதத்தில் ஒரு சாண் கன்றைக் குழியில் வைத்தால் அதன் இலையிலிருந்தும் தண்ணீர் அப்படித்தான் போகும். ஊற்றலாம் என்றாலோ கடலோரத்தில் பல இடத்தில் போர் தண்ணீரே உப்பு. இத்தனைக்கும் அப்புறம் கன்று பட்டுப்போனால் மாணவர்களுக்குப் பொறுப்பில்லை என்று நோட்டீஸ் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காக்காரன் இதில் கெட்டிக்காரன். அங்கே ஆர்பர் டே எல்லா மாநிலத்திலும் ஒரே நாள் இல்லை. வெப்பமான தென் மாநிலங்களில் ஜனவரியிலேயே நடுவார்கள். பனி உருகக் காத்திருக்கும் வட மாநிலங்களில் ஏப்ரல் கடைசி, மே என்று போகும். மண் எப்போது தயாரோ அப்போதுதான் விழா. வன மகோத்சவத்தின் தேதியும் ஒன்றும் பீனல் கோடு இல்லை, வழக்கம்தான், அந்தந்த ஊரில் மாற்றிக்கொள்ளலாம். முன்ஷியே விவசாய மந்திரியாக இருந்தவர், நம்ம மழைக் கணக்கைக் காட்டியிருந்தால் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் பழக்கம் பொல்லாதது. 2024 ஜூன் 5-ல் தொடங்கிய அம்மா பேரில் ஒரு மரம் என்ற மத்திய அரசு இயக்கத்தில் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்துகொண்டன. நல்ல காரியம். ஆனால் ஜூன் மாதம் இங்கே ஜூலையைவிட உசத்தி இல்லை! பசுமைத் தமிழ்நாடு இயக்கம் செப்டம்பர் கடைசியில் தொடங்கியதுதான் இந்தக் கரைக்குப் பொருந்துகிற தேதி. தற்செயலா, யோசித்துச் செய்ததா, தெரியாது. அதே செப்டம்பர் 24 என்.எஸ்.எஸ். பிறந்த நாளும்கூட என்பது இன்னொரு பொருத்தம்.

முன்ஷியின் மிச்சக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 1952-லிருந்து 1957 வரை உத்தரப் பிரதேச கவர்னர். கவர்னர் என்ற முறையில் அந்த மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வேந்தர். குலபதி என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது, வித்யா பவன் பத்திரிகையில் அவர் எழுதிய குலபதி கடிதங்களை மாணவர்கள் காத்திருந்து படித்த காலம் உண்டு. 1959-ல் காங்கிரசை விட்டு ராஜாஜியோடு சேர்ந்து சுதந்திராக் கட்சிக்கு வந்தார். சோமநாதர் கோயிலை மறுபடி கட்டியதில் அவர் பங்கு, அவருடைய வேறு அரசியல், எல்லாம் தனிக் கட்டுரைக்கு ஆகும், இங்கே வேண்டாம். 1971 பிப்ரவரி 8-ல் பம்பாயில் காலமானார். வயது 83.

அவர் போவதற்கு ரெண்டு வருஷம் முன்னால்தான், காந்தி நூற்றாண்டான 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. வன மகோத்சவத்துக்கு நிரந்தரமாகக் கையும் காலும் கிடைத்தது அப்போதுதான். அதுவரை ஊருக்குப் பொது விழாவாக இருந்தது, மெல்ல மெல்லக் கல்லூரி விழாவாகிவிட்டது. கிராமத்து முகாம், கண்மாய்க் கரையில் கன்று, பள்ளிக்கூடத்தைச் சுற்றி வேப்பமரம் என்று நம்ம சீனியர்கள் செய்தது கொஞ்சமல்ல. 1977-ல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி வந்தது. கிள்ளிகுளத்தில் விவசாயக் கல்லூரி வந்தது. அதற்குப் பக்கத்திலேயே வல்லநாட்டுக் குன்றில் 1987-ல் வெளிமான் சரணாலயம் அறிவித்தார்கள். மரமும் மண்ணும் கடலும் படிக்கிற பிள்ளைகள் இத்தனை பேர் ஒரே மாவட்டத்தில் இருக்கிறோம். சந்தேகம் கேட்க வெளியூர் போக வேண்டியதில்லை.

மரம் என்றால் எதுவும் மரம் என்று வைத்துவிடவும் கூடாது. சீமைக் கருவேலமும் பச்சையாகத்தான் இருக்கிறது! விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும் என்று பரப்பி, இப்போது குளத்துக்குள்ளும் கண்மாய்க்குள்ளும் அதுதான் காடு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு அதுவே சோறு போடுவதால் வெட்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லவும் முடியவில்லை. நம்ம மண்ணுக்கு எது ஆகும் என்பதை ஊர்ப் பேர்களே சொல்லிக்கொண்டு இருக்கின்றன. புன்னைக்காயல், அத்திமரப்பட்டி, ஆலந்தலை, இலுப்பையூரணி. பூவரசு உப்புக் காற்றைத் தாங்கும். வேம்பும் புங்கனும் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் கேட்காது. ஆற்று முகத்துவாரச் சேற்றில் அலையாத்திக்கு ஈடு வேறு கிடையாது.

பனை வேறு ரகம். குதிரைமொழித் தேரியைப் பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வாருங்கள். ரத்தச் சிவப்பில் மணல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். விட்டால் வயலையும் வீட்டையும் மூடிவிடும். அதைப் பிடித்து நிறுத்தியது பனையும் உடைமரமும், வனத்துறை வைத்த மற்ற மரங்களும்தான். பனைக்குக் கன்றும் வேண்டாம், பையும் வேண்டாம். ஆடி, ஆவணியில் விழுகிற பழத்தின் கொட்டையைப் பொறுக்கி வைத்திருந்து மழைக்கு முன்னால் புதைத்தால் போதும். ஆனால் அது பலன் தர பத்துப் பதினைந்து வருஷமாகும். டிப்ளமோ மூணு வருஷம்! 2021-ல் மாநில வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்பதாகவும், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். பத்து வருஷம் கழித்து எண்ணப் போகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

அதேசமயம் மழையையும் லேசாக நினைக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருஷ மழையைவிட அதிகம், ஒரே நாளில்! ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ஆறு வீட்டுக்குள் வந்தது. கரை உடைந்த குளங்களில் மேல்மண் எல்லாம் போய்விட்டது. கொற்கையைத் தூர்த்த அதே தாமிரபரணிதான்.

இனி நம்ம காரியத்துக்கு வருகிறேன். யூனியன் செயற்குழுவில் நான் வைத்திருக்கும் யோசனை இதுதான். ஜூலையில் பேனர் கட்டட்டும், முன்ஷி பற்றி ஒருவர் பேசட்டும், யாருக்கும் ஆட்சேபணை இல்லை, ஆனால் அன்றைக்குக் கன்று வேண்டாம். ஆவணியில் பனங்கொட்டை சேர்க்கலாம். செப்டம்பரில் குழி வெட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, எருவும் வண்டலும் போட்டு ஆற விடலாம். ஐப்பசியில் ரெண்டு நல்ல மழை இறங்கி மண் ஈரம் பிடித்ததும் அடுத்த நாள் காலையிலேயே நடலாம், சிறப்பு விருந்தினருக்குத் தேதி ஒத்து வராவிட்டால் பரவாயில்லை. ஒரு கன்றுக்கு முதலாம் ஆண்டில் ஒருவர், ரெண்டாம் ஆண்டில் ஒருவர் பொறுப்பு, சீனியர் போனாலும் ஜூனியர் இருப்பான். மார்ச்சுக்கு மேல் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து வாரத்துக்கு ரெண்டு தரம் நல்ல தண்ணீர் நிரப்பினால் போதும், மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். ஏப்ரலில் பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் எண்ணுகிறோம். அடுத்த வருஷ மலரில் அச்சாகப் போவது நட்ட எண்ணிக்கை இல்லை, ஏப்ரலில் உயிரோடு இருந்த எண்ணிக்கை.

நோட்டு ஒன்று போட்டாச்சு. சர்வே லேபில் தியோடலைட் பெட்டிக்கு மேல் தட்டில் இருக்கிறது. பேர், ரோல் நம்பர், என்ன மரம் என்ற மூன்று காலம்தான். சேருகிறவர்கள் புரட்டாசி முடிவதற்குள் வந்து எழுதிவிடுங்கள், பேனா கட்டி வைத்திருக்கிறோம்.